மொத்தம் 175

2020-21 நிதியாண்டை யாரும் மறந்திருக்க முடியாது. ஊரே கதவைச் சாத்திக்கொண்டு கிடந்த ஆண்டு. அந்த ஆண்டில் இந்தியா முழுவதும் மூடப்பட்ட குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் எத்தனை? மத்திய அரசின் உத்யம் பதிவுத் தளத்தைப் பார்த்து அமைச்சர் நாடாளுமன்றத்தில் விடை தந்தார். 175.

நூற்று எழுபத்தைந்து. ஆயிரம் என்ற சொல்லை அச்சகம் விட்டுவிடவில்லை. காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரை மொத்தமே 175.

உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி ஒரு நடை போய்வாருங்கள். ஜெராக்ஸ் கடை இருந்த இடம், ஸ்டுடியோ இருந்த இடம், மெஸ் இருந்த இடம், பள்ளிக்கூடத்துக்கு எதிரே பேனாவும் தேன்மிட்டாயும் விற்ற பெட்டிக்கடை இருந்த இடம். மூன்று தெரு தாண்டுவதற்குள் அகில இந்தியக் கணக்கில் பாதியை உங்கள் ஊரே எடுத்துக்கொண்டிருக்கும்.

இந்தக் கணக்கு எப்படி வந்தது என்பதில்தான் சூட்சுமம். உத்யம் தளம் தொடங்கியதே 2020 ஜூலை 1 அன்று. மார்ச்சில் விழுந்த கடைக்கு அதில் இடமே இல்லை. அதன்பிறகும், அங்கே பதிவு செய்திருந்து, கடையை மூடியபின் தாமாகவே போய்ப் பதிவை ரத்து செய்தவர் மட்டும்தான் கணக்கில் வருவார். அதாவது, செத்தவர் எழுந்து உட்கார்ந்து, ஆதார் எண்ணைத் தட்டி, ஓடிபி போட்டு, 'நான் காலமாகிவிட்டேன்' என்று உறுதிசெய்தால்தான் சாவு செல்லும். அப்படி எழுந்து உட்கார்ந்தவர்கள் 175 பேர். மற்றவர்கள் அரசாங்கத்தைப் பொறுத்தவரை இன்றும் சுகமாகத் தொழில் நடத்திக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தக் கணக்குக்கு முன்னால் இன்னொரு பதில் இருந்தது. மூடிய நிறுவனங்களைப் பற்றி அரசு பதிவு எதையும் வைத்துக்கொள்வதில்லை என்று அவையில் சொன்னார்கள். அதுவாவது நேர்மை. பிறகு சிட்பி வங்கி 1,029 நிறுவனங்களிடம் ஆய்வு நடத்தியது. அந்த ஆண்டில் 67 சதவீத நிறுவனங்கள் தற்காலிகமாக மூடிக்கிடந்தன, பாதிக்கு மேற்பட்டவற்றில் வருமானம் நாலில் ஒரு பங்குக்கும் அதிகமாகச் சரிந்தது என்று தெரியவந்தது. இதையும் அதே அரசுதான் அவையில் வைத்தது. மூன்றில் இரண்டு பேர் படுத்த படுக்கை. செத்தது மட்டும் 175. வைத்தியம் அவ்வளவு பிரமாதம்.

சிறுதொழில் என்றால் எத்தனை பேர்? அரசின் மாதிரி ஆய்வுப்படி 2015-16இல் நாட்டில் 6.34 கோடி நிறுவனங்கள். நம்பிப் பிழைத்தவர்கள் 11 கோடி. தமிழ்நாட்டில் மட்டும் 49 லட்சத்துக்கு மேல். இவற்றில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது, முதலாளியே கூட்டி, முதலாளியே விற்று, முதலாளியே கல்லாவில் உட்காரும் குறுந்தொழில். தேர்தல் மேடையில் இவர்களுக்குப் பெயர் 'நாட்டின் முதுகெலும்பு'. முதுகெலும்பு என்று சொன்னதே, உதைப்பதற்கு வசதியான இடம் எது என்று தெரிந்துகொள்ளத்தான் போலிருக்கிறது.

2020 மார்ச் 24, இரவு எட்டு மணி. நள்ளிரவிலிருந்து 21 நாள் நாடு முழுக்க ஊரடங்கு என்றார் பிரதமர். அவகாசம் நாலு மணி நேரம். இட்லிக் கடைக்காரர் மறுநாளுக்கு மாவு ஆட்டி முடித்திருந்தார். பூக்கடைக்காரர் சரம் கட்டிக்கொண்டிருந்தார். பங்குனி முகூர்த்தத்துக்கு முன்பணம் வாங்கியிருந்த பந்தல்காரர் மூங்கிலை இறக்கிக்கொண்டிருந்தார். நோய் நிஜம். அதை நான் மறுக்கவில்லை. மூடியதும் தப்பென்று சொல்லவில்லை. மூடச் சொன்னவர், மூடுகிற செலவு யாருடையது என்பதைச் சொல்லவில்லை. என் கோபம் அந்த ஒரு இடத்தில்தான்.

நாட்டுக்காகக் கடையை அடை என்றார்கள். அடைத்தோம். தட்டைத் தட்டச் சொன்னார்கள், தட்டினோம். ஏப்ரல் 5 அன்று ஒன்பது மணிக்கு ஒன்பது நிமிடம் விளக்கேற்றச் சொன்னார்கள், எண்ணெய் விலையைப் பார்க்காமல் ஏற்றினோம். மே முதல் வாரத்தில் கட்டிடக்காரர் வந்து வாடகை கேட்டபோது, தட்டையும் விளக்கையும் கழித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் பார்த்தவர்கள் உண்டா தெரியாது. கழித்துக்கொண்ட கட்டிடக்காரர் நிச்சயம் இல்லை.

பிறகு வந்தது வரலாறு காணாத அந்த அறிவிப்பு. மே 12. இருபது லட்சம் கோடி. நாட்டின் மொத்த உற்பத்தியில் பத்து சதவீதம். நிதியமைச்சர் ஐந்து நாள் தொடர் கதாகாலட்சேபம் நடத்தி அதை விரித்துரைத்தார். கடைசி நாளில் கூட்டிப்பார்த்தால் 20,97,053 கோடி. அந்த ஐம்பத்து மூன்று கோடியைக்கூட விட்டுவிடாத துல்லியம். மூடிய கடையை எண்ணும்போது மட்டும் விரல் மடங்கவில்லை.

இந்த இருபது லட்சத்தில் எட்டு லட்சம் கோடி, ரிசர்வ் வங்கி ஏற்கெனவே வங்கிகளின் புழக்கத்துக்காகச் செய்திருந்த ஏற்பாடு. கிட்டத்தட்ட இரண்டு லட்சம் கோடி, மார்ச்சிலேயே அறிவித்தது. மிச்சத்தில் பெரும்பகுதி கடன், கடனுக்கு உத்தரவாதம், எப்போதோ வரப்போகும் திட்டம். அரசின் கையிலிருந்து அந்த ஆண்டு புதிதாகச் செலவாகப்போகும் பணம் உற்பத்தியில் ஒரு சதவீதத்தை ஒட்டித்தான் என்று பொருளாதார ஆய்வாளர்கள் பலர் கணக்குப் போட்டார்கள். பத்து என்று அறிவித்து ஒன்றைக் கொடுப்பதற்கு நம் ஊரில் ஒரு இனிப்பின் பெயர் உண்டு. திருநெல்வேலியில் கிடைக்கும்.

சிறுதொழிலுக்கென்று ஒதுக்கியது மூன்று லட்சம் கோடி. அடமானம் கிடையாது, அரசே உத்தரவாதம். கேட்கக் காது குளிர்ந்தது. ஆனால் இது கடன். யாருக்குக் கடன்? பிப்ரவரி 29 அன்று ஏற்கெனவே கடன் பாக்கி வைத்திருந்தவருக்கு, அந்தப் பாக்கியில் 20 சதவீதம். கடன் வாங்காமல், கைக்காசைப் புரட்டித் தொழில் நடத்திய ஒழுக்கசீலருக்கு 20 சதவீதம் எவ்வளவு? பூஜ்யத்தில் இருபது சதவீதம். கணக்கு டீச்சரைக் கேட்க வேண்டியதில்லை. திட்டம் 2023 மார்ச்சில் முடிந்தபோது பயன்பெற்றவர்கள் 1.19 கோடி. அவர்களில் பலருக்கு அது உயிர்த்தண்ணீர்தான், சந்தேகமில்லை. மீதி ஐந்து கோடிப் பேரில் பலர் வங்கி வாசலையே மிதிக்காதவர்கள். அவர்களுக்குப் பாடம்: அடுத்த கொள்ளைநோய்க்கு முன்னால் கடன்காரனாகிக்கொள்.

கூடவே இன்னொரு சேவையும் செய்தார்கள். சிறுதொழில் என்பதன் வரையறையை மாற்றினார்கள். ஆண்டுக்கு 250 கோடி ரூபாய் விற்றுமுதல் உள்ள கம்பெனியும் இனி இந்தக் குடும்பத்தில்தான். முட்டுச்சந்தில் முறுக்குச் சுடும் ஆயாவும் 250 கோடிக்காரரும் ஒரே பந்தியில் உட்காரலாம். முதலில் யார் இலையில் விழும் என்று ஆயாவுக்குத் தெரியும்.

ஆயாவை ஒரேயடியாக மறந்துவிட்டார்கள் என்று சொல்லக்கூடாது. தெருவோர வியாபாரிகளுக்கு ஜூன் மாதம் தனித் திட்டம் வந்தது. பத்தாயிரம் ரூபாய். இதுவும் கடன்தான். வட்டியில் ஏழு சதவீதம் அரசு தரும் என்றார்கள். தெருவோர வியாபாரி என்பதற்கு உள்ளாட்சியின் அட்டையோ சான்றோ வேண்டும். நேற்றுவரை தராசைத் தூக்கிக்கொண்டு போன அதே அலுவலகத்தில் போய் 'நான் வியாபாரிதான்' என்று சான்று வாங்க வேண்டும். வாங்கிய பிறகு செல்போனில் பணம் பெற்று வியாபாரம் செய்தால் ஆண்டுக்கு 1,200 ரூபாய் வரை கேஷ்பேக் என்றார்கள். வியாபாரமே இல்லையே என்று அழுகிறவருக்கு, அதை டிஜிட்டலாகச் செய்தால் மாதம் நூறு ரூபாய்.

கடன் தவணைகளைத் தள்ளிப்போட ஆகஸ்ட் வரை அவகாசம் தந்தார்கள். தவணை தூங்கியது. வட்டி தூங்கவில்லை. வட்டிக்கும் வட்டி போட்டார்கள். விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய், இரண்டு கோடி வரையிலான கடன்களுக்கு வட்டியின் வட்டியைத் தருகிறோம் என்று அக்டோபரில் இறங்கிவந்தார்கள். வட்டி மட்டும் கட்டினால் போதும் என்றானதற்கு நாம் நன்றி சொல்ல வேண்டியதாயிற்று.

அதே நேரம் ரிசர்வ் வங்கி இன்னொரு கதவைத் திறந்தது. நூறு ரூபாய் நகைக்கு 75 ரூபாய் வரை கடன் தந்துகொண்டிருந்த வங்கிகள், ஆகஸ்ட் முதல் 90 வரை தரலாம் என்றது. அந்த இருபது லட்சம் கோடித் திட்டத்தின் பெயர் தற்சார்பு இந்தியா. சார்ந்திருந்தது மனைவியின் கழுத்தை.

இங்கே 2019 செப்டம்பருக்குக் கொஞ்சம் போய்வர வேண்டும். கொரோனா என்ற பெயரே யாருக்கும் தெரியாத காலம். பெரிய கம்பெனிகளுக்கான வரியை 30 சதவீதத்திலிருந்து 22 ஆகக் குறைத்தார்கள். அரசுக்கு ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி வருவாய் போகும் என்று நிதியமைச்சரே சொன்னார். அதற்கு யாரும் விண்ணப்பம் எழுதவில்லை. கவுன்சிலரிடம் சான்று வாங்கவில்லை. கேஷ்பேக் காட்டி யாரும் ஆசைகாட்டவில்லை. முக்கியமாக, அது கடன் இல்லை. திருப்பித் தர வேண்டாம். பெரியவருக்குக் கொடுத்தால் சலுகை, சின்னவருக்குக் கொடுத்தால் தவணை.

கொடுக்க வேண்டியதையாவது கொடுத்தார்களா? சிறு நிறுவனத்திடம் சரக்கு வாங்கினால் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006இலிருந்து சட்டம் இருக்கிறது. அரசுகளும் பொதுத்துறையும் பெரிய கம்பெனிகளும் சேர்ந்து சிறுதொழிலுக்கு வைத்த பாக்கி ஐந்து லட்சம் கோடி இருக்கும் என்று சொன்னவர் அந்தத் துறையின் அப்போதைய அமைச்சர் நிதின் கட்கரி. ஐந்து லட்சம் கோடி பாக்கி வைத்துக்கொண்டு, மூன்று லட்சம் கோடி கடன் தருகிறேன் என்பதற்குப் பெரிய மனசு வேண்டும். கோவையில் பம்புக்கு உதிரிபாகம் கடைந்துகொடுக்கும் லேத் பட்டறைக்காரர் தன் பணத்தையே வட்டிக்கு வாங்கினார்.

அமெரிக்காவில் சின்ன நிறுவனங்கள் ஆட்களை வேலையில் வைத்திருந்தால் கடனையே தள்ளுபடி செய்தார்கள். அங்கேயும் யோக்கியர்கள் ஆளவில்லை. லேக்கர்ஸ் என்ற பணக்காரக் கூடைப்பந்து அணி சிறுதொழில் வரிசையில் நின்று 46 லட்சம் டாலர் வாங்கி, வெளியே தெரிந்ததும் திருப்பிக் கொடுத்தது. பிரிட்டனில் வேலைக்குப் போக முடியாதவர் சம்பளத்தில் 80 சதவீதத்தை அரசே கட்டியது. நாம் பணக்கார நாடில்லையே என்பீர்கள். சரி. அப்படியானால் அந்த 20 லட்சம் கோடி எந்த நாட்டினுடையது?

ஒரு கடை மூடினால் ஒரு குடும்பம் போகும் என்று நினைப்பவர்கள் பொருளாதாரத்தைப் புத்தகத்தில் படித்தவர்கள். மெஸ் மூடினால் பால்காரர் போவார். வாழை இலை போட்டவர் போவார். பாத்திரம் கழுவிய அக்கா, காய் நறுக்கிய பெரியம்மா, கேஸ் சிலிண்டர் தூக்கிய பையன், மாதச் சாப்பாட்டுக்கு டோக்கன் வாங்கிய மேன்ஷன்காரர்கள் எல்லாரும் போவார்கள். அந்த அக்கா சீட்டுக் கட்டமாட்டார். சீட்டு உடையும். சீட்டை நம்பி மகளுக்குக் கல்யாணம் பேசியவர் தண்டல்காரரிடம் போவார். தண்டல்காரர் காலையில் ஆயிரம் ரூபாய் தருவதாகச் சொல்லி எழுதிக்கொண்டு, தொள்ளாயிரத்தைக் கையில் வைப்பார்.

அண்ணாச்சி கடையின் நீளநோட்டை எந்தப் பொருளாதார நிபுணரும் திறந்து பார்த்ததில்லை. அடமானம் இல்லாமல், ஆதார் இல்லாமல், முகத்தைப் பார்த்து அரிசி தந்த நோட்டு அது. முதல் தேதி வந்தால் பாதி வரும். தீபாவளி போனஸில் மீதி வரும். வராததைக் காந்தி கணக்கில் எழுதிவிட்டு அடுத்த மாதமும் துவரம்பருப்பு தருவார். ஊரடங்கின் முதல் மாதத்தில் தெருக்கள் பட்டினி கிடக்காததற்கு ரேஷனுக்கு அடுத்த காரணம் அந்த நோட்டுதான். வாங்கியவர் யாருக்கும் வேலை இல்லை. நோட்டு நிரம்பியது, பாக்கி திரும்பவில்லை, மொத்த வியாபாரி ரொக்கம் கேட்டார், அண்ணாச்சி ஷட்டரை இறக்கினார். அந்த இடத்தில் இப்போது குளிரூட்டிய சூப்பர் மார்க்கெட் இருக்கிறது. எல்லாம் கிடைக்கிறது. கடன் சொல்லிப் பாருங்கள்.

அண்ணாச்சியின் நோட்டு நிரம்பிக்கொண்டிருந்த அதே 2020 ஏப்ரலில், ஜியோ பிளாட்பார்ம்ஸில் பத்து சதவீதத்துக்குச் சற்றுக் குறைவான பங்குக்கு பேஸ்புக் 43,574 கோடி கொடுத்தது. தெருமுனை மளிகைக் கடைகளை வாட்ஸாப்பில் இணைத்து அவற்றை முன்னேற்றப்போகிறார்களாம். மார்ச் 23 அன்று 26,000க்குக் கீழே விழுந்த சென்செக்ஸ், 2021 ஜனவரியில் 50,000த்தைத் தொட்டது. ஏப்ரல் முதல் ஜூன் வரை நாட்டின் உற்பத்தி 23.9 சதவீதம் சரிந்திருந்தது. அந்தச் சரிவிலும் முறைசாராத் தொழில்களின் பங்கைப் பெரிய கம்பெனிகளின் கணக்கை வைத்து உத்தேசமாகத்தான் போட்டார்கள். முதலாளிக்கு எவ்வளவு காய்ச்சலோ அவ்வளவுதான் முறுக்கு ஆயாவுக்கும் என்று எடுத்துக்கொள்வது. இவ்வளவுக்கும் காரணம் கடவுளின் செயல் என்றார் நிதியமைச்சர். பாவம் கடவுள். அவருடைய கோயில் வாசலில் தேங்காய் விற்றவர்களும் மூடிக்கொண்டுதான் போயிருந்தார்கள்.

நம் மாநிலத்துப் பெருமையையும் சொல்லிவிடுவோம். 2020 மே 7 அன்று, சென்னை நீங்கலாக, டாஸ்மாக் திறந்தது. ஒரே நாளில் 170 கோடி ரூபாய்க்கு விற்பனை. டீக்கடைக்கு, அதுவும் பார்சலுக்கு மட்டும், அனுமதி வந்தது மே 11. கிராமத்து சலூனுக்கு மே 19. கொரோனாவுக்கு டீ பிடிக்கும், முடிவெட்டிக்கொள்ளப் பிடிக்கும், சரக்கு மட்டும் ஆகாது என்று நம் அதிகாரிகள் கண்டுபிடித்திருந்தார்கள். அன்று அதை எதிர்த்துக் கறுப்புச் சட்டை போட்டு வீட்டு வாசலில் பதாகை பிடித்தவர்கள், 2021இல் ஆட்சிக்கு வந்து ஜூன் 14 அன்று 27 மாவட்டங்களில் அதே கடையைத் திறந்தார்கள். இந்த ஒரு வியாபாரம் மட்டும் எந்த ஆட்சியிலும் நலிவடைவதில்லை. உரிமையாளர் அப்படி.

உரிமையாளர் அரசாக இல்லாத கடைக்கு என்ன நடந்தது என்பதற்குச் சாத்தான்குளம் இருக்கிறது. ஒரு சின்ன செல்போன் கடை. அனுமதித்த நேரத்துக்கு மேல் திறந்திருந்தது என்று சொல்லி, 2020 ஜூன் 19 அன்று தந்தையைக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள், தேடிப்போன மகனையும் பிடித்துவைத்தார்கள். நாலு நாளுக்குள் இருவரும் பிணம். ஒன்பது போலீஸ்காரர்கள்மீது சிபிஐ கொலைக் குற்றம் சாட்டியது. கடன் கேட்டுப் போனால் மேஜை மேஜையாக அலையவிடும் அரசு, ஷட்டர் சரியான நேரத்துக்கு இறங்கியதா என்று பார்க்க மட்டும் லத்தியோடு வாசலுக்கே வந்தது.

2021இல் இரண்டாம் அலை. சுடுகாட்டில் வரிசை. டெல்லியில் ஊரடங்கு, கடைகள் அடைப்பு. புதிய நாடாளுமன்றமும் அதைச் சுற்றிய வளாகமுமாக, மொத்தம் 20,000 கோடி அளவில் திட்டமிட்ட சென்ட்ரல் விஸ்டாவில் மட்டும் வேலை நிற்கவில்லை. அது அத்தியாவசியப் பணி. பஞ்சர் கடை அத்தியாவசியம் இல்லை. மருத்துவமனைக்குப் போகிற ஆட்டோ பஞ்சரானால் அது ஆட்டோக்காரரின் சொந்தப் பிரச்சினை.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு ஒன்று இருக்கிறது. 2019இல் தற்கொலை செய்துகொண்ட வியாபாரிகள் 9,052 பேர். 2020இல் 11,716 பேர். விவசாயத்தை நம்பியிருந்தவர்களின் தற்கொலை அந்த ஆண்டில் 10,677. கடைக்காரர்கள் விவசாயிகளையும் முந்திப் போனார்கள். வியாபாரிகளில் 1,447 பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். ஒவ்வொன்றுக்கும் ஊரடங்கே காரணம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஒரே ஆண்டில் இரண்டாயிரத்து அறுநூற்றுச் சொச்சம் பேர் ஏன் கூடினார்கள் என்று யாரும் விசாரித்ததாகவும் தெரியவில்லை. கடை செத்தால் 175, கடைக்காரர் செத்தால் 11,716. இரண்டும் அரசின் கணக்குதான். இரண்டையும் ஒரே மேஜையில் வைத்துப் பார்க்க ஒரு அதிகாரிக்கும் நேரம் இருக்கவில்லை.

மகிழ்ச்சியான புள்ளிவிவரம் ஒன்றும் உண்டு. அரசின் தொழிலாளர் ஆய்வுப்படி வேலையின்மை 2019-20இல் 4.8 சதவீதம். 2020-21இல் 4.2. கொள்ளைநோய் வந்தது, கடைகள் மூடின, ஊர்விட்டு ஊர் நடந்தார்கள், வேலையின்மை குறைந்தது. அமைச்சர்கள் இதைப் பெருமையோடு சொன்னார்கள். நாட்டின் உழைப்பாளிகளில் விவசாயத்தில் இருப்பவர்களின் பங்கு இரண்டே ஆண்டில் 42.5 சதவீதத்திலிருந்து 46.5 ஆக ஏறியிருந்ததை அதே பெருமையோடு சொல்லவில்லை. உலகமெல்லாம் வயலிலிருந்து பட்டறைக்குப் போகும். நாம் பட்டறையிலிருந்து வயலுக்குத் திரும்பினோம். அங்கே கூலி இல்லாமல் குடும்பத்துக்கு ஒத்தாசை செய்தாலும் ஆய்வின் விதிப்படி அவர் வேலையில் இருப்பவர்தான்.

திருப்பூரில் ஆறு தையல் மெஷின் போட்டு, பவர் டேபிள் யூனிட் வைத்து, எட்டுப் பேருக்குச் சனிக்கிழமை சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்த ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். மெஷினை விற்று வாடகைப் பாக்கியை அடைத்துவிட்டு, தாராபுரம் பக்கம் அப்பாவின் ஒன்றரை ஏக்கருக்குத் திரும்பியிருக்கிறார். ஆய்வாளர் படிவத்தோடு வருகிறார்.

"என்ன வேலை பண்றீங்க?"

"அப்பனோட தோட்டத்துல ஒத்தாசையா இருக்கறனுங்க."

"சம்பளம்?"

"அப்பன்கிட்ட யாருங்க சம்பளம் கேக்கறது?"

ஆய்வாளர் 'வேலையில் உள்ளவர்' என்று குறித்துக்கொள்கிறார். விற்ற ஆறு மெஷினைப் பற்றிக் கேட்க அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.